பேட்டரி இல்லாத காருக்கு 9.99 லட்சம்

குழு: கரட்டுத்தோட்டத்துச் சொந்தபந்தம்
25 அக்டோபர் 2025, சனி

காலை 7:04

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) மின்சாரக் கார் வாங்குவோருக்கு மத்திய அரசு ரூ.1.5 லட்சம் மானியம்!! கடன் வட்டிக்கும் ரூ.1.5 லட்சம் வருமான வரிச் சலுகை!! தெரிந்தவர்களுக்கு உடனே பகிரவும்!!

பெரியப்பா: மாப்ளே, பாத்தீங்களா. கார் மாத்தோணும்னு சொல்லிட்டிருந்தீங்கள்ல

சேகர் மாமா: பாத்தேனுங்க மச்சான். நேத்து ஷோரூம் போயி கொட்டேஷனே வாங்கிட்டு வந்துட்டேன். தீவாளி ஆஃபர் இந்த மாசக் கடைசி வரைக்குந்தானாம்

மல்லிகா அத்தை: கொட்டேஷன் வாங்கினது எனக்கே இந்த குரூப்லதான் தெரியுது

சேகர் மாமா: சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன்

மல்லிகா அத்தை: அந்த சர்ப்ரைஸுக்கு மாசத் தவணை எவ்வளவுங்க

தினேஷ்: 😂😂

கவிதா அக்கா: அப்பா, அந்த ஃபார்வர்டை முதல்ல டெலீட் பண்ணுங்க. ரெண்டுமே இப்ப கிடையாது

பெரியப்பா: கவர்மென்ட்டுன்னு போட்டிருக்கே கண்ணு

கவிதா அக்கா: கரன்ட் வண்டிக்கு மத்திய அரசு மானியம் குடுத்த ஃபேம்-2 திட்டம் 2024 மார்ச்சோட முடிஞ்சுது. அதுலயே சொந்த உபயோகக் காருக்கு மானியம் கிடையாது, வாடகை ஓடற கார்களுக்குத்தான். அதுக்கப்பறம் அக்டோபர்ல வந்த பிஎம் இ-டிரைவ்ல ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கு. கார் இல்ல

கவிதா அக்கா: வட்டிச் சலுகைங்கறது வருமான வரிச் சட்டத்துல 80 இஇபி பிரிவு. அது நெசமாவே இருந்துச்சு. ஆனா 2019 ஏப்ரல்ல இருந்து 2023 மார்ச் 31க்குள்ள சேங்ஷன் ஆன லோனுக்கு மட்டும். எங்க பேங்க்ல இன்னும் வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டு வர்றாங்க

சேகர் மாமா: அட, ஷோரூம் பையனும் அதையேதான் சொன்னான் 🤦

தினேஷ்: அவனுக்கும் இதே ஃபார்வர்டு வந்திருக்கும் மாமா

பெரியப்பா: அப்ப சலுகையே இல்லையா?

கவிதா அக்கா: இருக்குங்கப்பா. அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. நம்ம ஸ்டேட்ல பேட்டரி வண்டிக்கு ரோடு டாக்ஸ் முழுசா தள்ளுபடி. 2023 நவம்பர்ல டாக்ஸை ஏத்தினாங்கல்ல, 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். 14 லட்சத்துக்கு பெட்ரோல் வண்டி எடுத்தா டாக்ஸ் மட்டும் 2.52 லட்சம். அது அப்படியே மிச்சம்

கவிதா அக்கா: ஆனா இப்போதைக்கு டிசம்பர் 31 வரைக்கும்தான். நீட்டிக்கலாம், நீட்டிக்காமயும் போலாம். அதை நம்பிட்டு உக்கார வேண்டாம். புக்கிங் போட்டா ஆச்சுன்னு நெனக்காதீங்க மாமா, ரிஜிஸ்ட்ரேஷன் முடியோணும். டெலிவரி எப்பன்னு எழுத்துல வாங்குங்க

தினேஷ்: ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தானே

கவிதா அக்கா: ஆமா, 2019 ஆகஸ்ட்ல இருந்து. ஆனா போன மாசம் 22ல இருந்து சின்ன பெட்ரோல் வண்டிக்கும் 28 போயி 18 ஆயிடுச்சு, செஸ்ஸும் இல்ல. டாடா நெக்ஸான் பெட்ரோலே 1.55 லட்சம் வரைக்கும் இறங்கிடுச்சு. அதனாலதான் கரன்ட் கார்காரங்க இப்ப ஆஃபர் ஆஃபர்னு கூப்படறாங்க. கேட்டா இன்னும் கொறைப்பாங்க

காலை 8:31

மல்லிகா அத்தை: அந்தக் கொட்டேஷனை இங்க போடுங்க. கவிதா பாக்கட்டும்

சேகர் மாமா: போட்டோ தெளிவா வரல. டைப் பண்றேன். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க

சேகர் மாமா: வண்டி 14,00,000
டிசிஎஸ் 14,000
இன்சூரன்ஸ் 62,000
ஆக்சஸரீஸ் 28,500
ஹேண்ட்லிங் 7,500
ரிஜிஸ்ட்ரேஷன், ஃபாஸ்டேக் 3,000
ரோடு டாக்ஸ் 0
மொத்தம் 15,15,000

சேகர் மாமா: பழைய டீசல் வண்டிக்கு 2.10 லட்சம், அதுக்கு மேல எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30 ஆயிரம். லோன் 12 லட்சம், வட்டி அஞ்சரைதான்! மாசம் 25,500, அஞ்சு வருஷம்

கவிதா அக்கா: அஞ்சரையா? எங்க ஸ்டாஃப் லோனே அந்த வட்டிக்கு வராதுங்க மாமா

கவிதா அக்கா: இது ஃப்ளாட் வட்டி. 12 லட்சத்துக்கு 5.5 போட்டு அஞ்சு வருஷத்துக்கு 3.30 லட்சம், அசலோட சேத்து 60ஆல வகுத்தா 25,500. நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக் கொறைச்சிட்டே வருவீங்க, ஆனா கடைசி மாசம் வரைக்கும் முழு 12 லட்சத்துக்கும் வட்டி. கொறையற அசலுக்கு, அதாவது ரெட்யூசிங் கணக்குல, போட்டுப் பாத்தா இது 10 சதவீதம்

சேகர் மாமா: பத்தா!!

கவிதா அக்கா: 10 சதவீத ரெட்யூசிங்ல தவணை 25,496. நாலு ரூபாதான் வித்தியாசம். 9க்குக் கெடச்சா 24,910. மாசம் 590 மிச்சம், அஞ்சு வருஷத்துக்கு 35 ஆயிரம். கரன்ட் காருக்குன்னு தனி லோன் பல பேங்க்ல இருக்கு, வட்டி சாதாரண கார் லோனைவிடக் கொஞ்சம் கம்மி. ரெண்டு எடத்துல கேளுங்க, ரெட்யூசிங்கா ஃப்ளாட்டான்னு முதல்ல கேளுங்க

சேகர் மாமா: ஏழு வருஷம் போட்டா தவணை 19 ஆயிரத்துச் சொச்சம்தான்னும் சொன்னாப்ல

கவிதா அக்கா: ஒம்போது சதவீதத்துக்கு 19,307. கேக்க நல்லா இருக்கும். அஞ்சு வருஷத்துல வட்டி 2.95 லட்சம், ஏழுல 4.22 லட்சம். ஆறாவது வருஷம் அந்த வண்டியை விக்கப் போனா என்ன வெலைக்குப் போகும்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. லோன் பாக்கி மட்டும் நிக்கும்

மல்லிகா அத்தை: அஞ்சுதான். முடிஞ்சுது பேச்சு

தினேஷ்: மாமா, பழைய வண்டியை வெளிய கேட்டீங்களா? 2016 மாடல், ஒரே ஓனர். அவினாசி ரோட்டுப் பழைய கார் கடைகள்ல கேட்டா 2.50க்கு மேல கண்டிப்பாப் போகும். 2.10ன்னு கொறைச்சு எடுத்துட்டு 30 ஆயிரம் போனஸ்னு உங்க காசையே உங்களுக்குத் தர்றாங்க

சேகர் மாமா: 2.40 ஆச்சேன்னு சந்தோசமா வந்தேன்டா

கவிதா அக்கா: ஹேண்ட்லிங்கைத் தூக்கச் சொல்லுங்க, அது கட்டோணும்னு இல்ல. ஆக்சஸரீஸ்ல மேட் மட்டும் போதும். இன்சூரன்ஸை வெளிய மூணு எடத்துல கேளுங்க, அவங்ககிட்டயேதான் போடோணும்னு கட்டாயம் இல்ல. கரன்ட் காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல 15 சதவீதம் தள்ளுபடியும் உண்டு

பெரியப்பா: டிசிஎஸ்ங்கறது என்ன?

கவிதா அக்கா: 10 லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு ஒரு சதவீதம் முன்கூட்டியே வரி. செலவு இல்லப்பா, வருமான வரி ரிட்டர்ன்ல (ஐடிஆர்) கழிச்சுக்கலாம். ரிட்டர்ன் போடாதவங்களுக்குப் போனது போனதுதான்

தினேஷ்: மாமா, பனியன் கம்பெனி பேர்ல வாங்கினா?

கவிதா அக்கா: அதை ஆடிட்டர்கிட்டக் கேளுங்க, ஆனா கேக்காம விட்டுடாதீங்க. கரன்ட் வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம் போடலாம், சாதாரணக் காருக்கு 15. கட்டின ஜிஎஸ்டியை கம்பெனி கட்டற ஜிஎஸ்டியில கழிக்கற இன்புட் கிரெடிட் மட்டும் எடுக்க முடியாது

மதியம் 1:17

பெரியப்பா: எல்லாரும் சாப்டாச்சா. எனக்கு ஒரு சந்தேகம். பேப்பர்ல விளம்பரம் பாத்தேன். கார் 9.99 லட்சம், பேட்டரிக்கு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபா வாடகை. இது நல்லாருக்கே. நானும் ஒண்ணு எடுத்துடலாமான்னு பாக்கறேன்

மல்லிகா அத்தை: அண்ணா, பேட்டரி இல்லாம காரா? எஞ்சின் இல்லாம புல்லட் வாங்கற மாதிரியில்ல இருக்கு

தினேஷ்: பேட்டரி வண்டிக்குள்ளயேதான் இருக்கும் அத்தை, காசு மட்டும் தனி. 2024 செப்டம்பர்ல எம்ஜி வின்ட்சர் வந்தப்ப ஆரம்பிச்சாங்க. பேட்டரியோட 13.50 லட்சம், பேட்டரியை வாடகைக்கு எடுத்தா 9.99. இப்ப வெலை கொஞ்சம் மாறிடுச்சு, கணக்குப் போடற விதம் அதேதான்

கவிதா அக்கா: வாடகைன்னு பேரு. உள்ளுக்குள்ள அது ரெண்டாவது லோன். பேட்டரிக்குக் காசு குடுக்கறது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, மாசாமாசம் அவங்களுக்குக் கட்டோணும். கார் லோன் தவணை தனி, கரன்ட் பில் தனி

பெரியப்பா: ஓ, கரன்ட்டும் நாமதானா? மூன்றரைக்குள்ள அதுவும் அடக்கம்னு நெனச்சேன்

தினேஷ்: நெறையப் பேர் அப்படித்தான் நெனக்கறாங்க பெரியப்பா

கவிதா அக்கா: ரெண்டு வெலைக்கும் வித்தியாசம் 3.51 லட்சம். மூன்றரை ரூபான்னா ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினா வாடகை 3.50 லட்சம். அதாவது ஒரு லட்சம் கிலோமீட்டர்ல பேட்டரி வெலையை வாடகையாவே குடுத்துருப்பீங்க. அப்பா, மாசத்துக்கு எவ்வளவு ஓட்டறீங்க?

பெரியப்பா: பொள்ளாச்சிக்குள்ளதான். மாசத்துல ஒருக்கா பழனி, ரெண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. 700 இருக்கும்

கவிதா அக்கா: அப்ப லட்சம் தொட பன்னண்டு வருஷம் ஆகும், லாபம்னுதானே தோணுது? அங்கதான் சின்ன எழுத்து. என் ஃப்ரெண்டுக்குக் குடுத்த தாள்ல மாசம் கொறஞ்சது 1500 கிலோமீட்டர்னு இருக்கு. ஓட்டினாலும் ஓட்டாட்டியும் 5,250 கட்டோணும். ஃபைனான்ஸைப் பொறுத்து இது மாறும், கேட்டுத்தான் கையெழுத்துப் போடோணும்

கவிதா அக்கா: 700 ஓட்டிட்டு 5,250 கட்டினா கிலோமீட்டருக்கு ஏழரை ரூபா. பெட்ரோல் 101ன்னு வெச்சுட்டு லிட்டருக்கு 15 குடுத்தாக்கூட கிலோமீட்டர் ஏழு ரூபாயைத் தாண்டாது. பேட்டரி வாடகையே பெட்ரோலைவிட எச்சு, கரன்ட் செலவு அதுக்கு மேல

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: பெரியப்பா என்ன போட்டு டெலீட் பண்ணீங்க 😄

பெரியப்பா: அந்த விளம்பரத்தை உங்க பெரியம்மா குரூப்லயும் போட்டிருந்தேன். அங்க டெலீட் பண்றதுக்கு இங்க பண்ணிட்டேன்

சேகர் மாமா: எனக்கு கோயமுத்தூர் போயி வர தெனம் நூறு. மாசம் 2500. எனக்கு எப்படி?

கவிதா அக்கா: வாடகை 8,750. நாப்பது மாசத்துல லட்சம் தாண்டிடுவீங்க, அதுக்கப்பறமும் மீட்டர் ஓடிட்டே இருக்கும். உங்களுக்கும் வேண்டாம். கையில முன்பணம் இல்லாதவங்க, ரெண்டு மூணு வருஷத்துல வண்டியை மாத்தறவங்க, பேட்டரி போயிடுமோன்னு தூக்கம் வராதவங்க, அவங்களுக்கு ஆகும்

சேகர் மாமா: மூணாவது நானேதான்

தினேஷ்: மாமா, பெரும்பாலும் 8 வருஷம் இல்லாட்டி 1.60 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி தர்றாங்க. டாடா சில மாடலுக்கு முதல் ஓனருக்கு 15 வருஷம்னே சொல்லிட்டாங்க. உங்க ஓட்டத்துக்கு 1.60 லட்சம் அஞ்சு வருஷம் நாலு மாசத்துல வந்துடும், அதனால வாரன்ட்டியில கிலோமீட்டர் எவ்வளவுன்னு பாத்து மாடலை எடுங்க. வருஷத்தைப் பாக்காதீங்க

மல்லிகா அத்தை: கரன்ட் பில் எவ்வளவு ஆகும்? அதை யாருமே சொல்லலியே

தினேஷ்: என்ற வண்டி யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போல குடுக்குது. மாமா ஓட்டத்துக்கு ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல. வீட்டு மீட்டர்லயே போட்டா 500 தாண்டி ஸ்லாப் ஏறிடும், யூனிட் எட்டரை, ஒம்போதரை, ஆயிரம் தாண்டினா 11.80. எல்லாம் சேத்து கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபான்னு வெச்சுக்குங்க

கவிதா அக்கா: மாசம் 3,750. இப்ப டீசல் 93க்கு லிட்டர் 20 குடுத்தாலும் 11,600 ஆகுது. ஏழாயிரத்து எண்ணூறு மிச்சம். மாமாவுக்கு கார் ஒத்து வரும். அப்பாவுக்கு வராது

பெரியப்பா: என்ற வேகன் ஆர் நல்லாத்தான் ஓடுது கண்ணு. சும்மா கேட்டேன்

மல்லிகா அத்தை: 700 யூனிட்டுக்கு பதிலா மாடியில சோலார் போட்டா?

கவிதா அக்கா: அதுக்குத்தான் நெசமான மானியம் இருக்கு அத்தை. பிஎம் சூர்ய கர், 3 கிலோவாட்டுக்கு 78,000. ஆனா காரை முதல்ல முடிங்க, டிசம்பர் கெடு அதுக்குத்தான்

இரவு 9:40

சேகர் மாமா: ஷோரூம் பையன் போன் பண்ணான். ஃப்ளாட்டா ரெட்யூசிங்கான்னு கேட்டேன். ஒரு நிமிசம் சத்தத்தையே காணோம். ஹேண்ட்லிங் எடுத்துட்டான், ஆக்சஸரீஸ் 9,000 ஆச்சு. இன்சூரன்ஸ் வெளிய போட்டா, தர்ற கேஷ் டிஸ்கவுன்ட்ல 10 ஆயிரத்தைப் பிடிச்சுக்குவேங்கறான்

கவிதா அக்கா: வெளிய வர்ற கோட் பத்தாயிரத்துக்கு மேல கம்மியா இருந்தா வெளியவே போடுங்க. ஒரே கவரேஜான்னு பாத்துக்குங்க, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம கிளெய்ம் தர்றது), பேட்டரி கவர் ரெண்டும் இருக்கோணும்

சேகர் மாமா: திங்கக்கெழமை உன்ற பிராஞ்சுக்கு வரட்டுமா

கவிதா அக்கா: வாங்க மாமா. மூணு வருஷ ஐடிஆர், ஆறு மாச ஸ்டேட்மென்ட், கடைசி கொட்டேஷன், ஜிஎஸ்டி சர்ட்டிஃபிகேட். பத்தரைக்கு மேல வாங்க, அதுக்கு முந்தி கூட்டம்

தினேஷ்: மாமா, வீட்ல ஈபி லோடு எவ்வளவு? 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டோணும்னா லோடு ஏத்த முன்னாடியே எழுதிக் குடுக்கோணும். இல்லாட்டி 15 ஆம்பியர் பாயின்ட்ல போடலாம், ராத்திரி பூராப் போட்டா தெனம் நூறு கிலோமீட்டருக்கு அது போதும்

மல்லிகா அத்தை: 15 ஆம்பியர் பாயின்ட் போர்ட்டிகோவுல இருக்கு. கிரைண்டருக்குப் போட்டது

மல்லிகா அத்தை: கிரைண்டரை உள்ள மாத்தி வெக்க நாளைக்கு எலக்ட்ரீசியனை வரச் சொல்லுங்க