ஒரே டிரைவரா, சிப்புக்கு ஒன்றா?

கேள்வி: கம்பிவழி

பாக்கெட்டுகளைப் போர்ட்டுக்குப் போர்ட் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் சிப்கள், ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை இரண்டுக்கு, அவற்றை இயக்கும் நிரலான லினக்ஸ் டிரைவர் எழுதிப் பராமரித்து வருகிறேன். ஒன்று தனிச் சிப்; எம்டிஐஓ என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியாகச் செயலியோடு பேசுகிறது. மற்றது செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. முதல் டிரைவரை நகலெடுத்துத்தான் இரண்டாவதைத் தொடங்கினேன். அதன் பலனைப் போன மாதம் அனுபவித்தேன். வீலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) பிழை ஒன்றை முதல் டிரைவரில் திருத்திவிட்டு நகலில் திருத்த மறந்துவிட்டேன். ஒரு மளிகைக் கடையில் விருந்தினர் வைஃபை பாக்கெட்டுகள், கணக்குக் கணினி இருந்த போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் என்னை நம்பி வைத்த பெட்டி அது. இரண்டு இரவு தூங்கவில்லை.

இப்போது இரண்டையும் ஒன்றாக்க உட்கார்ந்தால், பொது நிரலெங்கும் 'இந்தச் சிப் என்றால்' என்று நிபந்தனைகள் முளைக்கின்றன. பதினேழு வரை வந்துவிட்டது. எந்த இடத்தில் பிரிப்பது?

மறுமொழி: பழைய ரௌட்டர்

லினக்ஸில் இருக்கும் க்யூசிஏ8கே என்ற ஸ்விட்ச் டிரைவரின் மாற்ற வரலாற்றைப் படியுங்கள், நண்பரே. உங்கள் கதைதான். 2016-ல் லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள் வந்தபோது க்யூசிஏ8337 என்ற தனிச் சிப்புக்காக எழுதப்பட்டது. ஐபிக்யூ4019 செயலிக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதே ஸ்விட்ச்தான். அதையும் தாங்குவதற்காக 2022-ல் பொது நிரலைத் தனிக் கோப்பாக்கினார்கள். பிரிட்ஜ், முகவரி அட்டவணை, மிரர், வீலான் என்று ஒவ்வொரு தொகுதியாக நகர்த்தினார்கள்.

ரெஜிஸ்டரை (சிப்பின் அமைப்புகளைப் படித்து எழுதும் இடம்) எட்டும் வழியை ரெக்மேப் என்ற கெர்னல் அடுக்கு பார்த்துக்கொள்கிறது. கீழே எம்டிஐஓவா, நினைவக முகவரியா என்பது வீலான் நிரலுக்குத் தெரியவே வேண்டாம். உங்கள் பதினேழில் எத்தனை இந்த வகை?

கம்பிவழி

எண்ணிப் பார்த்தேன், பதினொன்று! மீதியில் நான்கு, ஒரு சிப்பில் மட்டும் உள்ள வசதிகள். கடைசி இரண்டும் பாக்கெட் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்பதைப் பற்றியவை.

மறுமொழி: தறி

அந்த நான்கிற்கும் சிப்பின் விவரக் கட்டமைப்பில் ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், அதாவது எந்த ஃபங்ஷனை அழைப்பது என்ற குறிப்பு, போதும். க்யூசிஏ8கே-யில் பாக்கெட் எண்ணிக்கைகளை ஈதர்நெட் ஃப்ரேமாகவே அனுப்பும் வசதி அப்படித்தான் இருக்கிறது. பாயிண்டர் காலியாக இருந்தால் ரெஜிஸ்டரிலிருந்து படித்துக்கொள்ளும். ஆனால் இல்லாத மூன்றாவது சிப்பை மனத்தில் வைத்துப் பாயிண்டர்களை அடுக்காதீர்கள். அப்படி அடுக்கிய நிரலைப் பிரிக்க எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆனது.

கடைசி இரண்டைச் சேர்க்கவே வேண்டாம். க்யூசிஏ8337 பாக்கெட்டுக்குள் போர்ட்டைச் சொல்லும் இரண்டு பைட் தலைப்பைச் செருகுகிறது; ஐபிக்யூ4019-ல் அதே தகவல் பாக்கெட்டுக்கு வெளியே, அது நினைவகத்தில் இறங்கும்போது கூட வரும் டிஎம்ஏ விவரிப்பில் வருகிறது. பாதையே வேறு. அதை ஒரே ஃபங்ஷனில் அடைத்தால் இரண்டு சிப்பையும் புரிந்தவர் மட்டுமே அதைத் தொட முடியும்.

கம்பிவழி

நன்றி. வீலானை முதலில் நகர்த்துகிறேன். கடையில் இருக்கும் அதே மாடல் என் மேசையில் இருக்கிறது; ஒவ்வொரு பேட்சுக்கும் இரண்டு பெட்டிகளிலும் விருந்தினர் போர்ட்டைச் சோதித்த பிறகுதான் அடுத்தது.