34,439 பேரை 50 ஆண்டு பார்த்த ஆய்வைவிட, 107 பேரை 6 மாதம் பார்த்த ஆய்வு எப்படி வலுவானதாகும்?

கேட்டவர்: கோரையாறு

அனைவருக்கும் வணக்கம். நான் திருவாரூர்ப் பக்கத்தில் சமுதாய நலச் செவிலியத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நோய்ப்பரவியல் பாடத்தில் ஒரு சந்தேகம் நெடுநாளாகத் தீராமல் இருக்கிறது. 1951இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் தொடங்கிய கோஹார்ட் ஆய்வில் (ஒரு குழுவைத் தேர்ந்து, எதையும் மாற்றாமல் காலப்போக்கில் என்ன ஆகிறது என்று கவனிக்கும் ஆய்வு) 34,439 ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டெழுதி, 50 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அதே ஹில் பங்கேற்று 1948இல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலோ மொத்தமே 107 காசநோயாளிகள்தான். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் 6 மாதத்துக்குள் இறந்தார்கள். ஆனால் எந்த வகை ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்று வரிசைப்படுத்தும் பாடநூலின் சான்றுத் தரவரிசை இரண்டாவதைத்தான் மேல்படியில் வைக்கிறது. யாருக்கு மருந்து என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யாமல் சீரற்ற முறையில் பிரித்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகவா இவ்வளவு மதிப்பு?

இதைக் கேட்பதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் களப்பணி செய்யும் ஊர்களில், மாதந்தோறும் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்பவர்களுக்கு அழுத்தம் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது, வராதவர்களுக்கு இல்லை. ஆகவே மாதாந்திரப் பரிசோதனை பலன் தருகிறது என்று ஆய்வேட்டு வரைவில் எழுதியிருந்தேன். வழிகாட்டி அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "யார் வருகிறார்கள்?" என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

மறுமொழி: மதகடி

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். நெல் ரக ஒப்பீட்டு வயல்களில் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவன். ஆனால் உங்கள் கேள்விக்கு வயலிலேயே விடை இருக்கிறது, அம்மா.

ஒரே வாய்க்காலில் தலைமடைக்காரர் புது ரகம் போடுகிறார், கடைமடைக்காரர் பழைய ரகம் போடுகிறார் என்று வையுங்கள். அறுவடையில் புது ரகம் ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடுதலாகக் கண்டால் அது விதையாலா, முதலில் பாய்ந்த தண்ணீராலா? ஒரு வாய்க்கால் போதாது என்று நூறு வாய்க்கால்களில் போய்ப் பார்த்தாலும், எல்லா இடத்திலும் வசதியுள்ள தலைமடைக்காரரே முந்திக்கொண்டு புது ரகம் வாங்குகிறார் என்றால், நூறு மடங்கு உறுதியோடு அதே தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள். எண்ணிக்கை கூடினால் தற்செயல் விலகுமே தவிர, சாய்வு விலகாது.

அதனால்தான் ஒப்பீட்டு வயலை நீரோட்டத்துக்குக் குறுக்கே தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களும் இருக்கும்படி செய்து, எந்த ரகம் எந்தப் பாத்திக்கு என்பதை எண் அட்டவணை பார்த்தே முடிவு செய்வோம். இந்த முறையை 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்தார். மருத்துவத்துக்கு அது பிறகு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். பார்ப்பதற்குச் சோனியாக இருந்த ஒரு புது ரக நாற்று வாடிவிடுமே என்று இரக்கப்பட்டு, அட்டவணையை மீறி அதை மதகுக்கு அடுத்த பாத்தியில் நட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் மேற்பார்வையாளர் அந்தத் தொகுதி முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கினார். நோயாளியைப் பார்த்து இரக்கப்படும் மருத்துவரும் இதைத்தானே செய்வார்?

இன்னொன்று: "சீரற்ற" என்று எழுதாதீர்கள். ஒழுங்கில்லாமல் அள்ளி வீசியதுபோல் ஒலிக்கிறது. பள்ளிப் புள்ளியியல் நூலில் உள்ள "சமவாய்ப்பு" என்பதே சரியான சொல்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர், கும்பகோணம்

மதகடியார் சொன்னதற்கு மேல் அடிப்படையில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கோஹார்ட் ஆய்வு மட்டமானது என்ற எண்ணத்தோடு யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரே கேள்வி இரண்டு வகை ஆய்வுகளையும் கடந்து வந்த கதையைச் சொல்கிறேன். அதன் ஒரு பகுதி நம் காவிரிக் கரையிலேயே நடந்தது.

இந்தோனேசியாவின் ஜாவாவில் ஆல்ஃபிரட் சோமரும் அவருடைய குழுவினரும் கண் நோய்க்காகக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மாலைக்கண் போன்ற லேசான வைட்டமின் ஏ குறைபாட்டு அறிகுறி இருந்த குழந்தைகள், இல்லாதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக இறந்ததை அந்தக் கோஹார்ட்டில் கண்டு 1983இல் வெளியிட்டார்கள். பலர் நம்பவில்லை. மாலைக்கண் உள்ள குழந்தை ஏழை வீட்டுக் குழந்தை. அதற்குச் சோறும் குறைவு, வயிற்றுப்போக்கும் அதிகம். வைட்டமின் குறைபாடு வறுமையின் அடையாளமாக மட்டும் இருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான். இது மதகடியார் சொன்ன தலைமடை கடைமடைச் சிக்கல். வகுப்பில் "கன்ஃபவுண்டிங்" என்பார்கள்.

பிறகு சமவாய்ப்பு ஆய்வுகள் வந்தன. அவற்றுள் ஒன்றை அன்றைய திருச்சி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மத்துல்லாவும் உடனிருந்தோரும் நடத்தி 1990இல் வெளியிட்டார்கள். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய 15,419 குழந்தைகள். ஒரு சாராருக்கு வாரந்தோறும் 8,333 யூனிட் வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ கலந்து. மற்றவர்களுக்கு வைட்டமின் ஈ மட்டும். இதில் நான் மிகவும் மெச்சுவது, இரு தரப்பு வீடுகளுக்கும் வாராவாரம் தன்னார்வலர் போனார் என்பதைத்தான். ஆள் வந்து விசாரித்ததாலேயே குழந்தை பிழைத்தது என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஓராண்டில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. வறுமை இரு தரப்பிலும் ஒரே அளவில் இருந்திருக்கும். ஏனெனில் எந்தக் குழந்தைக்கு எது என்பதைப் பெற்றோரோ மருத்துவரோ தேர்ந்தெடுக்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி ஒத்துப்போவதில்லை. மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று பல கோஹார்ட் ஆய்வுகள் காட்டின. 16,608 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சமவாய்ப்பு ஆய்வை 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே மாத்திரை எடுத்தவர்களுக்கே இதயநோய் கூடுதலாக வந்தது. முந்தைய ஆய்வுகளில் மாத்திரையைத் தாமாகக் கேட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நலத்தில் அக்கறையும் உள்ளவர்கள் என்பது அந்த முரணுக்கு ஒரு முக்கியக் காரணம். வழிகாட்டி உங்கள் ஏட்டின் ஓரத்தில் எழுதியதும் இதுவே.

அப்படியானால் புகைபிடித்தல் ஆய்வை ஏன் நம்புகிறோம்? சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை 30 ஆண்டு புகைக்கச் சொல்ல எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது. ஆகவே கோஹார்ட்தான் வழி. அங்கே ஒரு நாளைக்குப் புகைக்கும் எண்ணிக்கை கூடக் கூட நுரையீரல் புற்றுநோய் இறப்பும் படிப்படியாகக் கூடியது. 30 வயதில் விட்டவர்கள் இழக்கவிருந்த ஆயுளில் ஏறத்தாழ 10 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளையும் மீட்டார்கள். புகைப்பவர்க்கும் புகைக்காதவர்க்கும் இடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பில் பத்து மடங்குக்கு மேல் போகும் வேறுபாட்டை மறைந்திருக்கும் வேறொரு காரணத்தால் விளக்க வேண்டுமென்றால், அந்தக் காரணமும் அதே அளவு வலுவாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை. உங்கள் இரத்த அழுத்த வேறுபாடு அவ்வளவு பெரியதா என்று பாருங்கள்.

கேட்டவர்: கோரையாறு

இருவருக்கும் மிக்க நன்றி. பதிவேட்டை மறுபடி புரட்டிப் பார்த்தேன். மாதந்தோறும் வருபவர்களில் பெரும்பாலோர் நிலையத்துக்கு நடந்துவரும் தூரத்தில் இருப்பவர்கள், ஓய்வூதியம் பெறுபவர்கள். வராதவர்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையிலேயே போய்விடுபவர்கள். வேறுபாடும் பெரியதன்று. இனி, 12 ஊர்களில் சீட்டுப் போட்டு, 6 ஊர்களில் மட்டும் வீட்டுக்கே போய் மாதந்தோறும் பார்க்கும் முறையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஆய்வின் நடுவில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுபவர்களை நீக்கிவிடலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார மருத்துவர், கும்பகோணம்

ஊர் வாரியாகப் பிரிப்பது நல்லது. ஒரே தெருவில் பிரித்தால் இந்த வீட்டுக்குச் சொன்ன உப்புக் கணக்கு மாலைக்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஊரைக் குலுக்கினால் உங்களிடம் இருப்பது 12 அலகுகள்; ஊருக்கு 50 பேர் என்று 600 பேரைத் தனித்தனியாகக் குலுக்கியதுபோல் கணக்கிட்டால் முடிவு பொய்யான உறுதியோடு வரும். புள்ளியியலாளரை இப்போதே பாருங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

திருப்பூர் போனவரை நீக்காதீர்கள். எந்த ஊரின் பட்டியலில் சேர்த்தீர்களோ அந்த ஊர்க் கணக்கிலேயே அவர் இருக்க வேண்டும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் வரும்போது அழுத்தம் பார்த்து எழுதுங்கள். முடிவில் அளப்பவர் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று அறியாதவராக இருக்கட்டும். நம் பதிவேடுகளில் 130, 140 என்று சுழியத்தில் முடியும் எண்கள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 144ஐ 140 ஆக்கும் கை, தான் விரும்பும் பக்கத்துக்குத்தான் ஆக்கும்.

மறுமொழி: மதகடி

சீட்டை நீங்களே எடுக்காதீர்கள், அம்மா. உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைக்கு முதலில் வயது, நிலம் என்று தகுதிகளை வரையறுத்துவிட்டு, அதன் பிறகு ஓலையை எடுக்க, எது எவருடையது என்று அறியாத ஒரு சிறுவனை அழைக்கச் சொல்கிறது. 12 ஊர்ப் பெயரையும் ஒரே அளவுத் தாளில் எழுதி மடித்து, அந்த ஊர்களோடு தொடர்பில்லாத ஒருவரை எடுக்கச் சொல்லி, எடுத்த வரிசையிலேயே இருவர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிடித்த ஊர் வரவில்லை என்று இரண்டாம் முறை குலுக்கக் கூடாது.