ஜப்பானிய வாள் துடைக்கும் துணி: துவைத்த பிறகு வெண்படலமும் மயிரிழைக் கோடுகளும், உதவி தேவை

ஹகாட்டாவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறேன். போன வருடம் இங்கே உரிமம் உள்ள ஒரு வாள் கடையில், பதிவுச் சான்றிதழோடு ஒரு வாகிசாஷி (குட்டை வாள்) வாங்கினேன். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஹிசென் வேலை, அதாவது கியூஷூவின் பழைய ஹிசென் மாகாணத்தில் செய்தது, அலகு 45 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. விற்பதற்கு முன்னால் புது மெருகு போட்டிருந்தார்கள். அரிசித் தவிட்டைத் தூவியது போன்ற அந்த நுண்ணிய மேற்பரப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதனால்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இப்போது இரண்டு தொந்தரவு.

ஒன்று, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருந்த பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்த பிறகும் மேலே பால் கலங்கியது போல ஒரு படலம் நிற்கிறது. ஹமோன் கோடு (கூர்ப் பக்கம் தோய்ச்சலில் உண்டாகும் வெண்ணிற வரி) தெளிவாகத் தெரியவில்லை. எவ்வளவு துடைத்தாலும் படலம் இடம் மாறுகிறதே தவிர போக மாட்டேன் என்கிறது.

இரண்டு, கிஸ்ஸாகிக்கு (அலகின் நுனி) ஒரு சாண் கீழே, அலகின் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும். வாங்கும்போது இவை இல்லை.

நான் வைத்திருப்பது வெள்ளை ஃபிளானல் துணியும், நீல மைக்ரோஃபைபர் துணியும். இரண்டும் வீட்டு வாஷிங் மெஷினில்தான் துவைக்கப்படும், காய்வது பால்கனிக் கொடியில். எந்தத் துணி நல்லது, எப்படித் துவைக்க வேண்டும், இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாலைவெயில் எழுதியது:

உச்சிகோ தட்டித் துடைத்துப் பார்த்தீர்களா? பட்டு உருண்டைக்குள் கல்மாவு வைத்துக் கட்டியிருப்பார்களே, அதுதான். தட்டித் துடைத்தால் எண்ணெய்ப் படலம் சுத்தமாகப் போய்விடும். மரபு வழியும் அதுதானே.

பிசென்_ரசிகர் எழுதியது:

தம்பி, உச்சிகோ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். மாலைவெயில் சொன்ன மாதிரி மரபு அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது உச்சிகுமோரி என்ற மெருகுக் கல்லை இழைத்து எடுத்த பொடி. அதாவது தேய்க்கும் பொருள். கடைகளில் வரும் மலிவான உருண்டைகளில் பொடி எவ்வளவு நைசு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புது மெருகின் மேல் அதைத் திரும்பத் திரும்பத் தட்டித் துடைத்தால், டோகிஷி (வாள் மெருகேற்றுபவர்) கடைசிக் கட்டத்தில் கொண்டுவந்த கருமையும் ஹமோனின் வெண்மையும் மெல்ல மெல்ல மங்கும். இங்கே ஒகயாமாவில் நான் போகும் வாள் பார்வைக் கூட்டத்தில் பெரியவர்கள் பலர் மெருகு நன்றாக இருக்கும் வாளுக்கு உச்சிகோவைத் தொடுவதே இல்லை.

உங்கள் படலத்துக்கு வருகிறேன். இடம் மாறுகிறது, போக மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய் மட்டும் என்றால் நல்ல துணி உறிஞ்சிக்கொண்டு போயிருக்கும். துணி உறிஞ்சவில்லை, பூசுகிறது. எனக்குச் சந்தேகம் சாஃப்ட்னர் மேல்தான். சாஃப்ட்னர் வேலை செய்வதே இழைகளின் மேல் ஒரு வழவழப்பான பூச்சை விட்டுச் செல்வதால்தான். சட்டைக்கு அது நல்லது. வாளுக்கு அந்தப் பூச்சு எண்ணெயோடு கலந்து அலகுக்கு ஏறிவிடும். நீங்கள் துணிக்கென்று தனியாகப் போடாவிட்டாலும், அதே மெஷினில் வீட்டுத் துணிக்குப் போட்டதன் மிச்சம் போதும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். காய்ந்த துணியை மேசையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவி இறங்கினால் துணி சுத்தம். முத்தாக உருண்டு நின்றால் ஏதோ பூச்சு இருக்கிறது. வாங்கி இன்னும் துவைக்காத புது ஃபிளானலும் இப்படி நிற்கும், நெசவின்போது ஏற்றிய பசையால். அதனால் புதுத் துணியை நேரே அலகில் வைக்கக் கூடாது.

கோடுகளுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். கொடியில் காயப்போட்டது எந்த மாதம்?

ஹகாட்டாவாசி எழுதியது:

அண்ணா, கடைசியாகக் காயப்போட்டது ஏப்ரலில். ஏன் கேட்கிறீர்கள்?

பிசென்_ரசிகர் எழுதியது:

கோசா. கண்டத்துப் பாலைவனங்களிலிருந்து காற்றில் வரும் மஞ்சள் மண். மார்ச்சிலிருந்து மே வரை கியூஷூவில் கார் கண்ணாடியெல்லாம் மஞ்சளாகப் படியுமே, அதேதான். அந்த மண்ணில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மையில் குவார்ட்ஸ் 7. எஃகில் கீறல் போட அது தாராளம். ஃபிளானலின் மயிர்ப்பரப்பும் மைக்ரோஃபைபரின் பிளந்த இழைகளும் தூசியைப் பிடித்து வைப்பதற்கென்றே இருப்பவை, பிடித்ததை லேசில் விடாது. அதை மடித்து அலகை அழுத்தித் துடைத்தால் நீளவாக்கில் கோடு விழும். ஜப்பானியர்கள் இதை ஹிகே என்பார்கள்.

மைக்ரோஃபைபர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. காருக்கு வரும் வளைய நூல் வைத்த தடித்த துண்டு வேண்டாம், மணலை அடிவரை இழுத்து வைத்துக்கொள்ளும். கண்ணாடி துடைக்கும் நெருக்க நெசவுத் துணி நல்லது. டோரே நிறுவனத்தின் டோரேசி மாதிரி. இங்கே நிறையப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பனி படியாமல் தடுக்கும் மருந்து ஏற்றிய கண்ணாடித் துணிகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். அட்டையைப் படித்து எடுங்கள். வெள்ளி நகை மெருகேற்றும் துணியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அதில் தேய்ப்புப் பொருளே ஊறியிருக்கிறது. டிஷ்யூ தாளும் ஆகும், ஆனால் மூக்குக்கு இதமாக இருக்கும் ஈரப்பதத் தாள் ஆகாது. அதில் கிளிசரின் சேர்த்திருக்கும், ஈரத்தைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

ஃபிளானல் வாங்கினால் சாயம் போடாத வெள்ளை. ஓரத்துத் தையல், பெயர் சீட்டு இரண்டையும் வெட்டி எறியுங்கள். வெட்டும்போது பல் பல்லாக வெட்டும் கத்தரிக்கோல் இருந்தால் நூல் உதிர்வது குறையும்.

குமமோட்டோ_தோழி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வாள் தெரியாது. குமமோட்டோவில் செமிகண்டக்டர் தொழிற்சாலையில் சுத்த அறையில் வேலை. துடைப்பது பற்றி எங்களுக்குக் கடுமையான பயிற்சி உண்டு, அதிலிருந்து சில விஷயம் உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

துணியை இரண்டாக, பிறகு மறுபடி இரண்டாக மடியுங்கள். நான்கு அடுக்கு. திருப்பித் திருப்பி மடித்தால் 8 சுத்தமான முகம் கிடைக்கும். ஒரு முகம், ஒரு இழுப்பு, ஒரே திசை. அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். முன்னும் பின்னும் தேய்ப்பதே கிடையாது. முதல் இழுப்பில் எடுத்த துகளை இரண்டாவது இழுப்பில் நாமே மேற்பரப்பில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் இதன் கணக்கு. பார்ப்பதற்குத் துணி வீணாவது போலத் தோன்றும். வீணாகவில்லை.

இன்னொன்று, துணி கீறுமா என்று வாளில் வைத்துப் பார்க்காதீர்கள். பழைய சிடி ஒன்று எடுத்து, பளபளப்பான பக்கத்தில் அதே அழுத்தத்தில் துடைத்து விளக்குக்குக் காட்டுங்கள். சிடியின் பாலிகார்பனேட் எஃகைவிட ரொம்ப மிருது. அதில் கோடு விழவில்லை என்றால் தைரியமாக இருக்கலாம். விழுந்தால் அந்தத் துணியை ஜன்னல் துடைக்க அனுப்பிவிடுங்கள்.

பிசென்_ரசிகர் எழுதியது:

தோழி சொன்ன சிடி சோதனை அருமை. எனக்கு இது தோன்றவில்லை, இனி நானும் செய்வேன்.

துவைக்கும் முறை சொல்லிவிடுகிறேன். வாள் துணி வாஷிங் மெஷினுக்குள் போகவே கூடாது. அதற்கென்று ஒரு சின்னப் பேசின் ஒதுக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், சுமார் 40 டிகிரி. நிறமோ கை மென்மைக்கான பொருளோ சேர்க்காத நடுநிலை பாத்திரச் சோப்பு நீர் சில சொட்டு. அது எண்ணெயை நன்றாக இழுக்கும். கசக்கிப் பிழியாமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். பிறகு அலசுவதில்தான் முழு விஷயமும். தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து ஆட்டினால் நுரை வரக் கூடாது, அதுவரை அலசுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மிச்ச சோப்பும் சாஃப்ட்னர் செய்வதையே செய்யும்.

காயப்போடுவது வீட்டுக்குள், கதவடைத்த குளியலறையில், பிளாஸ்டிக் கிளிப்பில். காய்ந்ததும் அன்றே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். மேசை இழுப்பறையில் சும்மா வைக்காதீர்கள்.

எண்ணெய் ஊறிய துணியை எரிவாயு டிரையரில் போட வேண்டாம். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது, தாவர எண்ணெய் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும். காயின் லாண்டரிகளில் எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதற்காகத்தான். எண்ணெய் பூசும் துணியை நான் துவைப்பதே இல்லை. மங்கிப் போனதும் எறிந்துவிடுவேன். எடுக்கும் துணி வேறு, பூசும் துணி வேறு, பையும் வேறு.

இப்போது அலகில் ஏறிய படலத்துக்கு: மருந்துக்கடையில் நீரற்ற எத்தனால் என்று கேளுங்கள், 99.5 சதவீதம். கைக்குப் போடும் கிருமிநாசினி எத்தனால் வேண்டாம், அதில் எத்தனால் கிட்டத்தட்ட 77 முதல் 81 சதவீதம்தான், மீதி தண்ணீர். பிடியையும் ஹபாக்கியையும் (அலகின் அடியில் இருக்கும் உலோகப் பட்டை) கழற்றிவிட்டு, சுத்தமான துணியில் கொஞ்சம் நனைத்து, முதுகுப் பக்கமிருந்து இரண்டு விரலால் கவ்வியபடி அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பு. கூர்ப் பக்கம் விரல் வரக் கூடாது. மெல்லிய துணியை அது துணி என்றே மதிக்காது. எத்தனால் காயும்போது இரும்பு குளிரும், மழைக்காலத்தில் ஈரம் படியும். அதனால் உலர்ந்த முகத்தால் உடனே ஒரு இழுப்பு, உடனே எண்ணெய். அரக்குப் பூசிய உறை அருகே பாட்டிலைத் திறக்காதீர்கள். அடுப்பு எரியும் அறையும் வேண்டாம்.

நகாகோவைத் தொடவே கூடாது. பிடிக்குள் இருக்கும் அந்தப் பகுதியின் கருந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி.

தென்காசி_மனிதன் எழுதியது:

நான் யோகோஹாமாவில் இருக்கிறேன், என்னிடமும் ஒரு தந்தோ (குறுவாள்) இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பருத்தி வேட்டி நன்றாகத் தேய்ந்து பூப்போல இருக்கிறது. அதைக் கிழித்து வைத்துக்கொள்ளலாமா?

பிசென்_ரசிகர் எழுதியது:

கஞ்சியும் நீலமும் போடாத வேட்டி என்றால் எண்ணெய் எடுக்க ஆகும். கரையை வெட்டிவிடுங்கள், சரிகை இருந்தால் அது உலோகம். ஆனால் ரொம்பத் தேய்ந்த பருத்தி இழை இழையாக உதிரும். உதிர்ந்த இழை எண்ணெயில் ஒட்டி நின்றால் அந்த இடத்தில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். தண்ணீர்ச் சொட்டும் சிடியும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹகாட்டாவாசி எழுதியது:

சோதித்துவிட்டேன். ஃபிளானலில் தண்ணீர் முத்தாக நின்றது, அண்ணா சொன்னபடியே. மைக்ரோஃபைபர் உறிஞ்சியது, ஆனால் சிடியில் இரண்டு மூன்று கோடு இழுத்தது. கோசாதான் போலும். படலம் ஒரு துணியாலும் கோடு இன்னொரு துணியாலும் வந்திருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

புது டோரேசியைப் பேசினில் துவைத்த பிறகு, அதை நீரற்ற எத்தனாலில் நனைத்துத் துடைத்தேன். ஹமோன் நேர்கோடு முழுவதும் வந்துவிட்டது. பல்பின் பிம்பத்தை ஹமோனுக்குப் பக்கத்தில் விழவைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் மூடுபனியாக மின்னுகின்றன. ரொம்ப நிம்மதி.

கோடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு வழி உண்டா? எண்ணெயை எவ்வளவு நாளைக்கு ஒரு முறை மாற்றுவது?

பிசென்_ரசிகர் எழுதியது:

கோடுகளுக்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை தம்பி. எந்தப் பேஸ்டும் போடாதீர்கள், போட்டால் ஹமோனை வெண்மையாக்கிக் காட்டும் ஹதோரி மெருகு அந்த இடத்தில் மட்டும் அழிந்து திட்டாகத் தெரியும். டோகிஷியிடம் காட்டுங்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் திருத்த முடிந்தால் அவரே சொல்வார். முழு மெருகு என்றால் ஒரு சுன்னுக்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். ஒவ்வொரு முழு மெருகிலும் கொஞ்சம் இரும்பு போய்விடும், திரும்ப வராது. சாய்த்தால் மட்டும் தெரியும் கோட்டுக்காக நான் அதைச் செய்ய மாட்டேன்.

எண்ணெய்க்கு: புது மெருகு சீக்கிரம் துருப்பிடிக்கும், முதல் சில மாதம் மாதம் ஒரு முறை பாருங்கள். பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும். எண்ணெய் சொட்டக் கூடாது, உறைக்குள் ஊறினால் மரம் கெட்டுவிடும். கையில் பார்த்தால் ஈரம் மாதிரி தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். இடையில் ஆசைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் துடைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குமமோட்டோ_தோழி எழுதியது:

பழைய துணிகளை எறியும்போது நல்லவற்றோடு கலந்துவிடாமல் ஒரு மூலையை வெட்டி விடுங்கள். எங்கள் அறையில் அப்படித்தான் அடையாளம் வைப்போம்.