1773-இல் புனேயிலிருந்து படை வந்திருந்தால் தஞ்சைக் கோட்டை தப்பியிருக்குமா?

வெண்ணாற்றங்கரை:
1773 செப்டம்பரில் ஆற்காடு நவாப் முகமது அலியும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து தஞ்சைக் கோட்டையைப் பிடித்தார்கள். தஞ்சையின் மராட்டிய மன்னர் துளஜா கைதானார். 1776 வரை நவாப் ஆட்சிதான். புனேயிலிருந்து மராட்டிய அரசை நடத்திய பேஷ்வா மாதவராவ் 1772 நவம்பரில் இறக்காமல் இருந்து, படை அனுப்பியிருந்தால்? கோட்டை தப்பியிருக்கும் என்பதே என் கட்சி. 1771-இல் மைசூரின் ஹைதர் அலியையே சின்குர்லிப் போரில் முறியடித்தவர்கள் மராட்டியர்கள்.

நாகை மாலுமி:
முறியடித்தது சரி சார், வழி யார் விடுவது? நடுவில் ஹைதராபாத் நிஜாம், ஹைதர், நவாப். மராட்டியப் படை தெற்கே இறங்குவது மூவருக்குமே பிடிக்காது. காவிரிக் கரையைச் செப்பனிடவே நவாப்போடு மல்லுக்கு நின்ற அரசு நம்முடையது.

வெண்ணாற்றங்கரை:
மராட்டியர்கள் என்றைக்கு அனுமதி கேட்டார்கள்? 1740-இல் மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லே தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியை வீழ்த்திவிட்டுத்தான் உள்ளே வந்தார். மறு வருடம் திருச்சியே அவர் கையில். பாதி வழியில் குத்திக் கோட்டை வேறு மராட்டியத் தலைவர் முராரி ராவிடம் இருந்தது. தங்கவும் தீவனம் சேர்க்கவும் அது போதும்.

குடந்தை வாசகி:
அண்ணே, திருச்சி விழுந்தது மார்ச் மாதத்தில். ஆற்றில் குதிரை இறங்கலாம். தஞ்சை முற்றுகை நடந்ததோ ஆகஸ்ட், செப்டம்பரில். அப்போது கொள்ளிடம் எப்படிப் போகும் என்று அணைக்கரைக்காரர்களைக் கேளுங்கள். வடகரையில் நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்புறம் இன்னொன்று. பகை நாட்டைக் கடந்து வரும் படைக்கு யாரும் நெல் விற்கமாட்டார்கள், அது பிடுங்கித் தின்னும். நவாப்பின் ஆட்கள் வயலை மிதித்தது போதாதென்று, காப்பாற்ற வந்தவர்களும் நம் குறுவையைத்தான் அறுத்துத் தின்றிருப்பார்கள். ராஜாவின் கோட்டையைப் பற்றியே பேசுகிறோம், குடியானவர்களை யார் கணக்கில் எடுப்பது?

நாகை மாலுமி:
அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மிச்சம் கடல் வழி. அதையும் பேஷ்வாக்களே அடைத்துக்கொண்டார்கள். 1756-இல் ஆங்கிலேயரோடு கைகோத்து விஜயதுர்க்கத்தில் மராட்டியக் கடற்படைத் தலைவர் ஆங்கிரேயின் கப்பல்களை ஒழித்தார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்களோ, 1773-இல் துளஜாவிடம் வாங்கிய நாகூரையே நவாப்பிடமிருந்து காத்துக்கொள்ள முடியாதவர்கள். அவர்களா படையை இறக்கிவிடப் போகிறார்கள்?

வெண்ணாற்றங்கரை:
அப்படியானால் 1772 மார்ச் என்று வைத்துப் பாருங்கள். நவாப் முதல்முறை தஞ்சை மேல் பாய்ந்து, பணம் கறந்துகொண்டு போனது 1771-இல். அடுத்த கோடையில் கொள்ளிடத்தில் மணல் தெரியும். மாதவராவ் உயிரோடு இருக்கிறார். அவருடைய தளபதி த்ரியம்பக் ராவின் படை ஏற்கெனவே மைசூருக்குள் நிற்கிறது, ஹைதரிடம் வழி கேட்க வேண்டியதே இல்லை. மலை இறங்கினால் சேலம், நாமக்கல், திருச்சி.

நாகை மாலுமி:
திருச்சிக் கோட்டையில் கம்பெனிக்காரன் பீரங்கியோடு உட்கார்ந்திருக்கிறானே சார்! 1741-இல் அவன் அங்கே இல்லை. ஹைதரோடு சண்டை முடியும் முன்பே ஆங்கிலேயரோடு இன்னொரு சண்டையை இழுத்துக்கொள்ள மாதவராவ் சம்மதித்திருப்பாரா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.