அதிபரின் மனைவிக்கு என்றே ஒரு விருதா?

தண்டையார்பேட்டை அம்மா:
மகள் பத்தாவது படிக்கிறாள். பள்ளியில் வினாடி வினா, தலைப்பு உலக நாடுகளின் விருதுகள். ராத்திரி அவளோடு உட்கார்ந்து படித்தபோது பிலிப்பைன்ஸில் பெண்களுக்கு மட்டுமான ஒரு விருது வந்தது, நாட்டுத் தலைவர்களின் மனைவிமாருக்குத் தருவதாம். எனக்கு மனசுக்குள் உறுத்துகிறது. புருஷன் பதவியில் இருந்தால் மனைவிக்கு விருதா? நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா? சனிக்கிழமை போட்டி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் தம்பி:
அக்கா, அது கேப்ரியேலா சிலாங் விருது. 2003இல் ஏற்படுத்தினார்கள், அப்போது அங்கே அதிபரே ஒரு பெண்தான், குளோரியா மகபகல் அரோயோ. விருதைவிட அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிப் படியுங்கள். இலோகோஸ் பகுதியில் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய தியேகோ சிலாங் என்பவரின் மனைவி. 1763 மே மாதம் தியேகோவை, கூடவே பழகிய நண்பன் ஒருவனே சுட்டுக் கொன்றான். கேப்ரியேலா மலைப்பக்கம் போய் ஆள் திரட்டி, திரும்பி வந்து விகான் நகரைத் தாக்கினார். தோற்றுப் பிடிபட்டு, அதே வருஷம் செப்டம்பர் 20இல் தூக்கிலிடப்பட்டார்.

வியாசர்பாடி வாசகர்:
நம் நாட்டில் குடியரசுத் தலைவரின் வாழ்க்கைத்துணைக்கு என்று தனி விருது கிடையாது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு ராணுவம், கல்வி தவிர மற்றப் பட்டங்களை அரசு தரக் கூடாது என்கிறது. பாரத ரத்னா வாங்கியவர்கூட அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கூடாது, இதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்புறம், உங்கள் உறுத்தல் நியாயமானது. கத்தியெடுத்துச் சண்டை போட்ட பெண்ணின் பெயரில், இன்னாருடைய மனைவி என்பதற்காக விருது தருவது எனக்கும் ஒட்டவில்லை.

கொருக்குப்பேட்டை டீச்சர்:
நான் அப்படிப் பார்க்கவில்லை. நம் வேலு நாச்சியார் கதையும் இதேதானே? 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார், மகளைக் கூட்டிக்கொண்டு விருப்பாச்சிக்குப் போனவர், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இருவரையுமே முதலில் யாரோ ஒருவரின் மனைவி என்றுதான் ஊர் பார்த்தது. அந்த விருதை வாங்குகிற ஒவ்வொரு பெண்ணும் அது யாருடைய பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அது எனக்குப் பெரிய விஷயம்.

தண்டையார்பேட்டை அம்மா:
டீச்சர், நீங்கள் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேப்ரியேலா, நாச்சியார் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். விருது மனைவி என்பதற்காக என்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை, ஆனால் அந்தப் பெயர் இனி எனக்கு மறக்காது.