அப்சர்வர் பேட்டர்னில் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது? அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

நிரல் வடிவமைப்பில் வரும் அப்சர்வர் பேட்டர்ன், பாடமாகப் படிக்கும்போது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மாறுகிற ஆப்ஜெக்ட் ஒன்று, அந்த மாற்றத்தை அறிய விரும்புகிற ஆப்ஜெக்ட்கள், அதாவது அப்சர்வர்கள், பல. மாறுவது தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். மாற்றம் வந்ததும் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றையும் அழைத்துச் சொல்லும். கேட்பவர்கள் எந்த கிளாஸைச் சேர்ந்தவர்கள் என்பது அதற்குத் தெரியவே வேண்டாம், எல்லோரும் ஒரே இன்டர்ஃபேஸுக்குக் கட்டுப்பட்டால் போதும். இவ்வளவுதான் என்று நம்பித்தான் நானும் ஒரு வேலையில் இறங்கினேன்.

உணரிகளிலிருந்து வெப்பநிலையை வாங்கித் திரையில் வரைபடமாகக் காட்டும் ஜாவா நிரல் அது. உணரிக்கான ஆப்ஜெக்ட் நிரல் ஓடும் நேரம் முழுவதும் உயிரோடு இருக்கும். வரைபடச் சாளரங்களோ திறந்து திறந்து மூடப்படும். திறக்கும்போது உணரியிடம் பதிவு, மூடும்போது விலகல். இரண்டுக்கும் வரி எழுதியிருந்தேன். ஆனாலும் காலையில் விறுவிறுப்பாக ஓடிய நிரல் மாலைக்குள் திணறத் தொடங்கியது. மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும், சில மணி நேரத்தில் மீண்டும் அதே கதை.

நினைவகத்தில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தேன். மூடிய சாளரங்கள் அத்தனையும் நினைவகத்தில் அப்படியே கிடந்தன. உணரியின் பட்டியல் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்வரை பயனற்ற ஆப்ஜெக்ட்களை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அவற்றைத் தொட முடியாது. அதைவிடக் கொடுமை, புதிய அளவீடு வரும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாளரங்கள் ஒவ்வொன்றும் தன் வரைபடத்தை மறுபடி கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

விலகுவதற்கு எழுதிய வரி ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. பதிவு செய்யும் இடத்தில் சாளரத்தின் ‘புதுப்பி’ மெத்தடை மெத்தட் ரெஃபரன்ஸாக (மெத்தடைச் சுட்டும் ஓர் ஆப்ஜெக்ட்டாக) கொடுத்திருந்தேன். விலகும் இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே கொடுத்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஜாவாவில் அவை இரண்டு வேறு ஆப்ஜெக்ட்கள், ‘ஈக்குவல்ஸ்’ அவற்றைச் சமம் என்று ஏற்பதில்லை. ஆகவே பட்டியலின் ‘ரிமூவ்’ எதையும் நீக்காமல் ‘ஃபால்ஸ்’ என்று திருப்பித் தந்தது. அந்தப் பதிலை நான் பார்க்கவே இல்லை. சி ஷார்ப்பில் ஒரே ஆப்ஜெக்ட்டின் ஒரே மெத்தடைச் சுட்டும் இரண்டு டெலிகேட்கள் சமமானவை, அதனால் இதே எழுத்துமுறை அங்கே சரியாக விலகிவிடும். அந்தப் பழக்கத்தோடு ஜாவாவுக்கு வருகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

ரெஃபரன்ஸை ஒரு ஃபீல்டில் சேமித்து இரண்டு இடத்திலும் அதையே கொடுத்தபோது பிழை தீர்ந்தது. ஆனால் என் மனம் ஆறவில்லை. இன்னொருவர் இதே தவறைச் செய்ய வழி திறந்தே இருந்தது. அதனால் விலகும் மெத்தடையே எடுத்துவிட்டேன். இப்போது பதிவு செய்தால் ஒரு ‘சந்தா’ ஆப்ஜெக்ட் கையில் வரும். அதன் ‘ரத்துசெய்’ மெத்தடை அழைத்தால் விலகல் முடிந்தது. டாட்நெட்டில் 2010 முதல் இருக்கும் ஐஅப்சர்வபிள் என்ற இன்டர்ஃபேஸ் இதே வழியில்தான் நடக்கிறது. அதன் ‘சப்ஸ்க்ரைப்’, ‘டிஸ்போஸ்’ என்று அழைத்து முடித்துவிடக்கூடிய ஒரு ஐடிஸ்போசபிளைத் திருப்பித் தருகிறது. உறவைத் தொடங்குகிறவர் கையிலேயே அதை முடிக்கும் சாவியையும் கொடுத்துவிடுவது எவ்வளவு நேர்த்தியான யோசனை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

உங்களுக்கு எங்கே இடித்தது? எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கும் விலகலில்தான் இடித்தது, ஆனால் வேறு விதமாக. முதல் அறிவிப்பு வந்ததும் தன்னைத் தானே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ளும் அப்சர்வர் ஒன்றை எழுதினேன். ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்ற தேவைக்காக. சோதனையில் இரண்டு அப்சர்வர்கள் வைத்திருந்தேன், எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. உண்மையான பயன்பாட்டில் மூன்றாவது ஒன்று சேர்ந்ததும், சுற்றிவரும்போதே பட்டியல் மாறிவிட்டது என்று சொல்லும் ‘கான்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்’ வெடித்தது.

மூன்றில் வெடிப்பது இரண்டில் ஏன் வெடிக்கவில்லை? இதைப் புரிந்துகொண்ட நாளை நான் மறக்க மாட்டேன். ஜாவாவின் பட்டியல் வகையான அர்ரேலிஸ்ட்டை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் இட்டரேட்டர், தான் நிற்கும் இடமும் பட்டியலின் அளவும் ஒன்றா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வந்துவிட்டோமா என்று தீர்மானிக்கிறது. இரண்டில் முதலாவது தன்னை நீக்கிக்கொண்டதும் அளவு 1 ஆகிறது, இட்டரேட்டர் நிற்கும் இடமும் 1. ‘முடிந்தது’ என்று சுற்று நின்றுவிடுகிறது. அதாவது என் சோதனையில் இரண்டாவது அப்சர்வருக்கு அறிவிப்பே போகவில்லை! பிழை வராததை வெற்றி என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

‘காப்பி ஆன் ரைட் அர்ரேலிஸ்ட்’டுக்கு மாற்றினேன். சுற்று தொடங்கிய கணத்தின் நகலில் அது நடப்பதால் நடுவில் யார் சேர்ந்தாலும் விலகினாலும் சுற்று குலையாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சுற்றின் நடுவே ஒரு அப்சர்வர் இன்னொன்றை நீக்கினால், நீக்கப்பட்டது அந்தச் சுற்றின் அறிவிப்பைப் பெற்றே தீரும். ஆகவே ‘நான் விலகிவிட்டேன், இனி என்னை யாரும் அழைக்க மாட்டார்கள்’ என்று நம்பி எதையும் எழுதாதீர்கள்.

மறுமொழி 2

என்னுடையது சிறியது. அடிப்படை கிளாஸின் செட்டர் (ஃபீல்டின் மதிப்பை அமைக்கும் மெத்தட்) மதிப்பை மாற்றிவிட்டு உடனே அறிவிப்பு அனுப்பும். துணை கிளாஸில் அந்தச் செட்டரை ஓவர்ரைடு செய்து, முதலில் ‘சூப்பர்’ வழியே அடிப்படை கிளாஸின் செட்டருக்கு அழைப்பு, பிறகு என் கூடுதல் ஃபீல்டின் மாற்றம் என்று எழுதினேன். அறிவிப்பு பறந்த நேரத்தில் ஆப்ஜெக்ட் பாதிதான் மாறியிருந்தது. புதிய விலை, பழைய தள்ளுபடி. திரையில் தோன்றிய கூட்டுத்தொகை எந்தக் கணத்துக்கும் சொந்தமில்லாத ஓர் எண்.

வடிவமைப்புப் பேட்டர்ன்கள் 23-ஐத் தொகுத்து நால்வர் 1994-இல் எழுதிய நூல் இதை அப்போதே எச்சரித்திருக்கிறது. நான் படித்தும் கடந்துபோயிருந்தேன். மாற்றங்கள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரே இடத்திலிருந்து மட்டும் அறிவிப்பு போகட்டும்.

மறுமொழி 3

பழைய ஜாவா நிரல்களைப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்சர்வர் பேட்டர்னுக்காக ஜாவாவே தந்த ‘ஜாவா யுடில் அப்சர்வபிள்’ என்ற கிளாஸ் ஜாவா 9-இல் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. அது கிளாஸாக இருப்பதால், அதிலிருந்து வரும் கிளாஸ் வேறெதையும் எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது. போதாததற்கு ‘செட்சேஞ்ச்டு’ என்பதை முதலில் அழைக்க மறந்தால் ‘நோட்டிஃபை அப்சர்வர்ஸ்’ ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும்.

அதை நீக்கிவிட்டு என் சொந்தப் பட்டியலை வைத்தேன். மறுநாளே அறிக்கையில் எண்கள் ஒரு படி பின்தங்கி வந்தன. பழைய கிளாஸ் கடைசியாகப் பதிவானவரிடமிருந்து பின்னோக்கி அழைத்து வந்திருக்கிறது, என்னுடையது முன்னோக்கி அழைத்தது. கணக்கிடும் அப்சர்வருக்குப் பிறகுதான் அறிக்கை எழுதும் அப்சர்வர் வர வேண்டும் என்ற சார்பு எங்கும் எழுதப்படாமல் வெறும் வரிசையில் ஒளிந்திருந்தது. அறிவிப்பு போகும் வரிசை வரையறுக்கப்படவில்லை என்றுதான் பழைய கிளாஸின் ஆவணமும் சொல்லியிருந்தது.

வரிசையைத் திருப்பி வைத்தால் ஒரே வரியில் தீர்ந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை, இன்றும் அதுதான் சரியென்று நினைக்கிறேன். அறிக்கைக்குத் தேவை கணக்கின் முடிவு என்றால், அது மூலத்தைக் கவனிக்கக் கூடாது, கணக்கிடுபவரைத்தான் கவனிக்க வேண்டும். அப்படி மாற்றியதும் வரிசை பொருட்டாகவே இல்லாமல் போயிற்று.

மறுமொழி 4

தொடக்கப் பதிவு எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி. பட்டியலில் வீக் ரெஃபரன்ஸ் (கார்பேஜ் கலெக்டரைத் தடுக்காத சுட்டு) வைத்திருந்தால் சாளரங்கள் தாமாகவே போயிருக்குமே, சந்தா எதற்கு?

தொடக்கப் பதிவு எழுதியவரின் பதில்

அதையும் முயன்றேன். ஒரு லாம்ப்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்ஷனை) நேரடியாகப் பதிவு செய்தால், அதைப் பிடித்திருப்பது அந்த வீக் ரெஃபரன்ஸ் மட்டும்தான். கார்பேஜ் கலெக்டர் அடுத்து வரும்போது திறந்திருக்கும் சாளரத்தின் அப்சர்வரையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. வரைபடம் ஓடிக்கொண்டே இருந்து திடீரென நின்றது, ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல். மறுபக்கம், மூடிய சாளரமும் கலெக்டர் வரும்வரை அறிவிப்பு வாங்கிக்கொண்டே இருக்கும். எப்போது விலகுவது என்பதை நினைவக மேலாண்மையிடம் விட்டுவிட எனக்கு விருப்பமில்லை.

இப்போது ஒவ்வொரு சாளர வகைக்கும் ஒரு சோதனை எழுதுகிறேன். 100 முறை திறந்து மூடிவிட்டு, உணரியின் பட்டியலில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்கும். விடை 0 வர வேண்டும். முதல் மறுமொழியைப் படித்த பிறகு அதில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: மூன்று சாளரங்கள் திறந்திருக்கும்போது மூன்றுக்கும் அளவீடு போய்ச் சேர்ந்ததா என்று.