மகளின் கழுத்தில் போட்ட லைனை ஒரு சென்ரிமீற்றர் வெளியே இழுத்தார்கள், ஏன்?

வெள்ளவத்தை_அப்பா:

வணக்கம். மகளுக்கு 11 மாதம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, போன செவ்வாய்க்கிழமை கொழும்பில் சத்திரசிகிச்சை முடிந்தது. எந்த வைத்தியசாலை என்று எழுதவில்லை, இது முறைப்பாடு இல்லை, எனக்கு விளங்காத ஒரு விஷயம், அவ்வளவுதான்.

கழுத்தின் வலப்பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று போட்டிருக்கிறார்கள், அதைத்தான் லைன் என்கிறார்கள். வெளியே மூன்று வாலாகப் பிரிகிறது, ஒவ்வொரு வாலிலும் ஒரு மருந்து ஓடுகிறது. குழாயில் அடிமட்டத்தில் இருப்பது போலக் கறுப்பு அடையாளங்கள். தியேட்டரிலிருந்து கொண்டுவந்தபோது தோலுக்கு வெளியே ஒன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, கையுறை போட்டு, தையலை வெட்டி, குழாயைக் கொஞ்சம் இழுத்துத் திரும்பத் தைத்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு அடையாளம் தெரிகிறது. கேட்டேன், பதில் சொன்னார், ஆனால் எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான், "கொஞ்சம் ஆழம், பயப்பட ஒன்றுமில்லை" என்றது மட்டும் பிடிபட்டது.

முதலில் பிழையாகப் போட்டுவிட்டார்களா? ஒரு சென்ரிமீற்றரில் அப்படி என்ன இருக்கிறது? கிளினிக் கொப்பியில் உயரம் 72 சென்ரிமீற்றர், நிறை 7.8 கிலோ என்று இருக்கிறது, தேவைப்பட்டால். மனைவிக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.


மயக்கமருந்து_ட்ரெய்னி:

அண்ணா, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன், அதை மனதில் வைத்து வாசியுங்கள். பிழை என்று சொல்ல முடியாது.

அந்தக் குழாயின் நுனி இருக்க வேண்டிய இடம் மேற்பெருநாளத்தின் கீழ்ப்பகுதி, அதாவது தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் இரத்தம் சேர்ந்து வலது சோணையறைக்குள், அதாவது இதயத்தின் வலது மேலறைக்குள், விழுவதற்குச் சற்று முன். அதைத் தாண்டி சோணையறைக்குள் போனால் சுவர் மெல்லியது, ஒவ்வொரு துடிப்புக்கும் நுனி அதில் உரசும், துடிப்பு ஒழுங்கு கெடலாம், மிக அரிதாகச் சுவர் துளைபட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் இரத்தமோ சேலைனோ நிரம்பி இதயத்தையே நெரிக்கலாம். சரி, அப்படியென்றால் மேலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று வால் உள்ள குழாயில் மூன்று துவாரமும் ஒரே இடத்தில் இல்லை, நுனியில் ஒன்று, மற்ற இரண்டும் சற்று மேலே பக்கவாட்டில். குழாய் போதாமல் போனால் மேல் துவாரம் நாளத்துக்கு வெளியே நின்று, அட்ரினலின் போன்ற மருந்து கழுத்துச் சதைக்குள் ஊறும். அது ஆழமாகப் போவதை விடச் சின்னப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே போக வேண்டும் என்று உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். வலக் கழுத்துக்கு, 100 சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு உயரத்தைப் பத்தால் பிரித்து ஒன்றைக் கழிப்பது ஒரு வழி: உங்கள் மகளுக்கு 6.2. இன்னொரு சூத்திரம் உயரத்தை 0.07 ஆல் பெருக்கி 1.7 கூட்டச் சொல்கிறது: 6.7. முதலாவது நுனியைச் சோணையறைக்கு மேலே நிறுத்தப் பார்க்கிறது, இரண்டாவது நாளமும் சோணையறையும் சந்திக்கும் இடத்துக்கே குறி வைக்கிறது, அதனால்தான் அந்த அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம். உங்கள் மகளுக்கு 7 இல் வைத்து 6 க்கு இழுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பின்னால் வெளியே இழுக்கலாம், ஆனால் வெளியே இருந்த பகுதியை உள்ளே தள்ளவே கூடாது, கிருமி போகும். அதனால் எங்களில் பலர் ஒரு சொட்டு ஆழமாகவே வைப்பதுண்டு.


பழைய_தியேட்டர்காரன்:

தம்பி சொன்னதில் கடைசி வரியைத் தவிர மிச்சத்துக்கு நான் உடன்பாடு. "ஆழமாக வைத்துப் பிறகு இழுக்கலாம்" என்பது வாட்டில் சரி. இதயத் தியேட்டரில் எக்ஸ்ரே வருவது எல்லாம் முடிந்து பிள்ளை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிறகு. அதுவரை நாலு ஐந்து மணித்தியாலம் நுனி எங்கே நிற்கிறது?

இந்த ஓட்டையை அடைக்கும்போது சர்ஜன் மேல், கீழ்ப் பெருநாளங்கள் இரண்டிலும் தனித்தனிக் குழாய் போட்டு, சுற்றி நாடா கட்டி இறுக்கி, இரத்தத்தை இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் மெஷினுக்குத் திருப்புகிறார். எங்கள் லைனின் நுனி அந்த நாடாவுக்கு மேலே நின்றால், தலையிலிருந்து இரத்தம் சரியாக வடிகிறதா என்பதை அதில் வரும் அழுத்தமே சொல்லும்: சர்ஜனின் குழாய் கொஞ்சம் திரும்பி அடைபட்டால் இலக்கம் ஏறும், தலையில் இரத்தம் தேங்குகிறது என்று உடனே குரல் கொடுக்கலாம். நுனி சோணையறைக்குள் கிடந்தால் அந்த எச்சரிக்கை கிடைக்காது, திறந்த அறையின் அழுத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். தையலிலோ நாடாவிலோ லைன் மாட்டிக்கொண்டால் அது வேறு தலையிடி. நான் நெஞ்சைத் திறந்த பிறகு சர்ஜனிடம் "ஒருக்கால் தடவிப் பாருங்கோ" என்று கேட்பேன். விரலுக்கு நுனி தெரியும். உணவுக்குழாய்க்குள் இறக்கி இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் இருந்தால் கேட்கவே தேவையில்லை, நாளமும் அறையும் சேரும் இடம் திரையிலேயே தெரியும்.

கழுத்தில் வைக்கும் ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி நாளத்துக்குள்தான் போகிறது, பக்கத்து நாடிக்குள் இல்லை என்பதை அது காட்டும், அதுவே பெரிய விஷயம், சின்னப் பிள்ளையின் நாளம் சில மில்லிமீற்றர்தான். ஆனால் நுனி எங்கே போய் நின்றது என்பதைக் கழுத்தில் வைத்த ஸ்கேன் காட்டாது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு: லைன் போடும்போது தோளுக்குக் கீழே துணிச்சுருள் வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இடப்பக்கம் திருப்பி வைப்போம். பிறகு சுருளை எடுத்துத் தலையை நேராக்கினால் மோவாய் நெஞ்சுப்பக்கம் இறங்கும், குழாயும் கூடவே இறங்கும். யாரும் தொடாமலே ஆழம் மாறிவிடும். அதனால் தியேட்டரில் சரியாக இருந்தது எக்ஸ்ரேயில் ஆழமாகத் தெரிவது நடக்கிற காரியம். எக்ஸ்ரேயில் நாளம் தெரியாது, வாதனாளி, அதாவது மூச்சுக்குழாய், இரண்டாகப் பிரியும் இடம் தெரியும். நுனி அதற்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் இழுப்போம். பெருநாளத்தின் கீழ்த்துண்டு, தம்பி சொன்ன இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள்தான் இருக்கிறது, பிரியும் இடம் பைக்கு மேலே. உங்கள் டொக்டர் பார்த்து, இழுத்து, திரும்பத் தைத்திருக்கிறார். வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.


இரவு_டியூட்டி:

நான் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. டொக்டர்மார் சூத்திரம் பேசட்டும், நான் பிளாஸ்டரைப் பற்றிப் பேசுகிறேன் 🙂

டியூட்டி மாறும்போது தோலில் எந்த அடையாளம் நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறோம். 6 என்று எழுதியிருக்கும், காலையில் 5 தெரிந்தால் டொக்டரைக் கூப்பிடுவோம். 11 மாதப் பிள்ளைக்கு வாயால் வடிகிறது, கழுத்து மடிப்பில் அது தேங்கும், பிளாஸ்டர் ஓரம் கிளம்பும், முழித்ததும் கை நேரே அங்கேதான் போகும். தூக்கத் தருகிறார்கள் என்றால் முதலில் அந்த மூன்று வாலும் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள், சட்டைப் பொத்தானில் மாட்டும். பிளாஸ்டர் கிளம்பியிருந்தால் நீங்கள் அழுத்தி ஒட்ட வேண்டாம், மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம், மூடியைத் திறப்பது, மருந்து ஊசியை மாற்றுவது எதையும் அம்மாமார் உதவி என்று செய்யக் கூடாது. ஓட்டை உள்ள இதயத்தில் சின்னக் காற்றுக் குமிழ் கூட இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போகலாம், அடைத்த பிறகும் நாங்கள் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.


கொட்டாஞ்சேனை_அம்மா:

என் மகனுக்குக் கழுத்தில் போடவே இல்லை, தொடையில்தான். அவனுக்கு ஒரு பக்கக் கீழறை மட்டும் வேலை செய்கிறது, மேற்பெருநாளத்தை நுரையீரல் நாடியோடு தைத்தார்கள். அந்த நாளத்தில் இரத்தம் கட்டினால் நுரையீரலுக்குப் போகும் வழியே அடைபடும் என்று சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கழுத்தில், இவனுக்கு ஏன் தொடையில் என்று நான் அழுதது எனக்குத்தான் தெரியும். கேளுங்கள் அண்ணா, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சொல்கிறார்கள்.


மயக்கமருந்து_ட்ரெய்னி:

சேர், நாடா விஷயம் நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கு ஒப்பரேஷன் லிஸ்ட் இருக்கிறது, சர்ஜனிடம் கேட்டுப் பார்க்கிறேன், திட்டு விழுந்தால் உங்கள் பெயரைச் சொல்வேன்.


வெள்ளவத்தை_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் போனபோது மிஸ்ஸிடம் தாளைக் காட்டச் சொன்னேன், வலது கழுத்து, 6 என்று மூன்று தரம் எழுதியிருந்தது. இரண்டு வாலில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். பிளாஸ்டர் ஓரம் கொஞ்சம் ஈரம், சொன்னேன், மாற்றிவிட்டார்கள்.